வழி கூறாத நூல்: கார்டினரின் ‘இன்றைய மாந்திரிகம்’ பற்றி ஒரு மதிப்பீடு

நூல் எழுதுவோர் தம் நூலின் தலைவாயிலில் எவற்றைச் சொல்ல வேண்டும் என்பதைத் தமிழ் இலக்கணம் வரையறுத்து வைத்திருக்கிறது. சிறப்புப் பாயிரத்தில் அமைய வேண்டியவை என்று நன்னூலார் எண்ணும் எட்டுச் செய்திகளுள், ஆக்கியோன் பெயரை அடுத்து நிற்பது ‘வழி’ என்பதாகும். இந்நூல் எங்கிருந்து வந்தது, எதனைப் பின்பற்றியது, எவரிடம் கடன்பட்டது என்பதே அதன் பொருள். நூலின் பெயருக்கும் முன்னதாக, நூலால் வரும் பயனுக்கும் முன்னதாக இச்செய்தி வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது.

அவ்விலக்கணமே நூல்களை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்துகின்றது. இவற்றுள் சார்பு நூல் இழிந்ததென்று எங்கும் கூறப்படவில்லை. முன்னைய நூல்களோடு ஒரு சிறிதே ஒத்து, பிறவற்றில் வேறுபட்டுத் தன் போக்கில் நடப்பது அது. பல இடங்களிலிருந்து எடுத்துப் புதியதொன்றை அமைக்கும் நூலுக்கு அதுவே தக்க பெயர். கடன் வாங்குவதற்குத் தமிழ் மரபு இடம் தந்தது; வாங்கிய இடத்தைச் சொல்லுமாறும் பணித்தது.

இவ்வளவுகோலைத் தமிழ் நூல்களுக்கு மட்டுமே உரியதென்று ஒதுக்கி வைக்க வேண்டுவதில்லை. பல நாட்டு மரபுகளிலிருந்தும் தெய்வப் பெயர்களையும் சடங்குகளையும் எடுத்துத் தமக்கென ஒரு மாந்திரிக நெறியை வகுத்துக்கொள்ளும் வழக்கம் இன்று மேலை நாடுகளில் பரவியிருக்கிறது. அவ்வழக்கத்தின் ஊற்றுக்கண்களுள் தலையாயது 1954-ஆம் ஆண்டில் ஜெரால்ட் கார்டினர் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட நூல். ‘இன்றைய மாந்திரிகம்’ என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். அந்நூலாசிரியர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் மலாயா ரப்பர்த் தோட்டத்திலும் பல்லாண்டு வாழ்ந்த ஒரு துரை என்பது இந்நாட்டுத் தமிழாசிரியர்கள் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கக்கூடும்.

சொல்லாட்சி

முதலில் சொல்லைப் பற்றிய தெளிவு வேண்டும். கார்டினர் ஆண்ட ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் நேராகத் தோன்றுவது ‘சூனியம்’. ஆயின் தமிழர் வழக்கில் அச்சொல் பிறருக்குத் தீங்கு விளைப்பதையே குறிக்கும். செய்வினை, ஏவல், பில்லி என்பன அதன் கிளைகள். கார்டினர் விளக்கப் புகுந்ததோ ஆண்டவனை ஆணும் பெண்ணுமாக வணங்கி, திங்களின் வளர்ச்சியையும் பருவங்களின் மாற்றத்தையும் விழாவாகக் கொண்டாடும் ஒரு வழிபாடு. அதனைப் பின்பற்றுவோரை அவர் ‘விக்கா’ என்று அழைத்தார். தீவினை செய்தல் அவ்வழிபாட்டின் நோக்கமன்று என்பதை அவர் நூல் முழுவதும் வற்புறுத்துகிறார். ஆதலின் ‘மாந்திரிக நெறி’ என்னும் பொதுச் சொல்லே ஈண்டுப் பொருந்தும்.

துரையின் வரலாறு

கார்டினர் 1884-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில், வணிகம் செய்து வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தார். இளமையில் ஆஸ்துமா நோயால் வருந்தியவர். முறையான பள்ளிக் கல்வி பெறாதவர். தாமே படித்துத் தேறியவர். 1900-ஆம் ஆண்டில் இலங்கை சென்று தேயிலைத் தோட்டத் தொழில் கற்றார். பின்னர் போர்னியோவிலும், 1911 முதல் மலாயாவிலும் ரப்பர்த் தோட்டங்களில் பணிபுரிந்தார். பிறகு அரசாங்க வேலையில் அமர்ந்து, ஜொகூரில் சுங்கத் துறை அதிகாரியாக இருந்து, 1936-இல் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார்.

துரைமார் பலர் மாலைப் பொழுதைக் கிளப்பில் கழித்த அந்நாளில், இவர் மலாய்க்காரரின் பழக்க வழக்கங்களையும் படைக்கலங்களையும் ஆராய்ந்தார் என்பது பாராட்டற்குரியது. ஜொகூர் லாமாவில் பழம்பொருள் தேடினார். ஜொகூரில் கிடைத்த பழைய பொற்காசுகளைப் பற்றி ஆசியக் கழகத்தின் மலாயாக் கிளை இதழில் எழுதினார். 1936-இல் சிங்கப்பூரில் வெளியான அவருடைய ‘கெரிசும் பிற மலாய்ப் படைக்கலங்களும்’ என்னும் நூலை அத்துறையினர் இன்றும் எடுத்துப் பார்க்கின்றனர். கண்டதைக் கண்டவாறு குறிக்கும் பழக்கம் அந்நூலில் தெரிகிறது. அப்பழக்கம் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த நூலில் எங்கே போயிற்று என்பதே இம்மதிப்பீட்டின் வினா.

நூல் கூறுவது

இங்கிலாந்தின் தென்பகுதியில் ‘நியூ பாரஸ்ட்’ என்னும் காட்டுப் பகுதியை அடுத்து வாழ்ந்த சிறு குழுவினர், கிறித்தவம் வருவதற்கு முந்திய பழைய சமயத்தை மறைவாகக் காத்து வந்தனர் என்றும், 1939-ஆம் ஆண்டில் தம்மையும் அவர்கள் சேர்த்துக்கொண்டனர் என்றும் கார்டினர் கூறினார். 1949-இல் அச்சடங்குகளை ஒரு கதைக்குள் புகுத்தி, புனைபெயரையும் இணைத்து வெளியிட்டார். மாந்திரிகம் பற்றிய 1735-ஆம் ஆண்டுச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்ட பின்னரே, கதை என்னும் திரையை விலக்கி ‘இன்றைய மாந்திரிகம்’ எழுதினார். அதற்கு முன்னுரை வழங்கியவர் எகிப்திய ஆராய்ச்சியில் பெயர் பெற்ற மார்கரெட் மரே அம்மையார்.

நூலின் நற்கூறுகளை முதலில் சொல்வதே முறை. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகச் சூனியக்காரர் என்று முத்திரை குத்தப்பட்டுப் பல்லாயிரவர் கொல்லப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் பெண்டிர். அவர்கள் பேயை வணங்கினர், குழந்தைகளைக் கொன்றனர் என்று சுமத்தப்பட்ட பழிகளைக் கார்டினர் ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கிறார். இழித்துக் கூறப்பட்டவர் சார்பில், அவருள் ஒருவராகவே நின்று பேசும் துணிவு அந்நாளில் எளிதன்று. நடையும் எளிது, முதியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்து உரையாடுவது போன்றது.

குறைகளோ பல. குள்ள மனிதராகிய பழங்குடியினரைப் பற்றித் தொடங்கி, சிலுவைப்போர்க் காலத்து வீரத் துறவியரிடம் தாவி, பொம்பெயி நகரத்துச் சுவரோவியங்களைக் காட்டி, எகிப்துக்குச் சென்று, அயர்லாந்தில் இறங்குகிறது நூல். ‘மற்றொன்று விரித்தல்’ என்று நம் இலக்கணம் எண்ணும் குற்றத்திற்கு எடுத்துக்காட்டுத் தேடும் ஆசிரியர் இந்நூலைத் தயங்காது காட்டலாம். ஒன்று மற்றொன்றைப் போலத் தோன்றுகிறது என்பதையே, ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்பதற்குச் சான்றாக அவர் கொள்கிறார். ஆராய்ச்சியில் இதனினும் வழுக்கலான படி வேறில்லை.

இரவல் வந்த இடங்கள்

கார்டினர் விளக்கும் நெறியின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், அவற்றின் பிறப்பிடங்கள் இன்று பெரிதும் தெளிவாகியுள்ளன.

பழைய சமயம் ஒன்று மறைவாகத் தொடர்ந்தது என்னும் அடிப்படைக் கருத்து, முன்னுரை வழங்கிய மரே அம்மையார் 1921-இல் வெளியிட்ட நூலிலிருந்து வந்தது. வழக்குமன்றங்களில் சித்திரவதைக்கும் அச்சத்திற்கும் உட்பட்டவர்கள் தந்த வாக்குமூலங்களை அம்மையார் சான்றாகக் கொண்டார். அவற்றுள் நடக்க இயலாத செய்திகளை விடுத்து, நம்பத்தக்கன போலத் தோன்றுவனவற்றை மட்டும் எடுத்துக் காட்டினார் என்பதை நார்மன் கோன் என்னும் வரலாற்றாசிரியர் 1975-இல் விளக்கினார். அக்கொள்கையை வரலாற்றறிஞர் இன்று ஏற்பதில்லை.

வட்டம் வரைந்து அதனுள் நின்று சடங்கு செய்தல், கருங்கைப்பிடிக் கத்தியும் வெண்கைப்பிடிக் கத்தியும் வைத்திருத்தல் ஆகியன ‘சாலமோனின் திறவுகோல்’ என்னும் பழைய மந்திர ஏட்டில் உள்ளன. மேத்தர்ஸ் என்பவர் அதனை 1889-இல் ஆங்கிலத்தில் பதிப்பித்தார். கெரிசைப் பற்றி நூல் எழுதியவர் கத்தியை வழிபாட்டின் நடுவே வைத்ததைக் கண்டு, அது மலாயாவிலிருந்து சென்றதோ என ஐயுறுதல் இயல்பே. ஆயினும் கார்டினரின் வழுக்கற் படியில் அவரை மதிப்பிடுவோரும் கால் வைத்தலாகாது. கத்தியின் கைப்பிடியில் வரையப்படும் குறிகள் சாலமோன் ஏட்டைச் சார்ந்தவை. கெரிசு அவருடைய ஆர்வத்தைத் தூண்டியிருக்கலாம். அதற்கு மேற் கூறச் சான்றில்லை.

புதிதாகச் சேர்வோரின் கண்ணைக் கட்டிக் கயிறு பூட்டி அழைத்து வருதல், மூன்று படிநிலைகள், படிதோறும் கருவிகளைக் காட்டி விளக்குதல் ஆகியவை பிரீமேசன் சங்கத்தின் முறைகள். கார்டினர் இலங்கையில் இருந்தபோது, 1910-ஆம் ஆண்டில் கொழும்பில் அச்சங்கத்திற் சேர்ந்தவர். தெய்வத் தாயின் உரையாக அமைந்த பகுதியிற் பெரும் பங்கு, இத்தாலிய நாட்டுப்புற மாந்திரிகம் பற்றிச் சார்லஸ் லீலண்ட் 1899-இல் வெளியிட்ட ‘அராடியா’ என்னும் நூலையும், அலெய்ஸ்டர் குரோலியின் எழுத்துகளையும் சார்ந்தது. குரோலியைக் கார்டினர் 1947-இல் நேரிற் கண்டு பழகியவர். கிப்ளிங் எழுதிய பாட்டொன்றின் பகுதியும் வசந்தகாலச் சடங்கினுள் வந்து புகுந்திருக்கிறது. கார்டினர் தம் கைப்பட எழுதி வைத்திருந்த ஏடொன்று அவர் மறைவுக்குப் பின் ஆராய்ச்சியாளர் கைக்குக் கிட்டியது. பல நூல்களிலிருந்து பெயர்த்தெழுதிய பகுதிகள் படிப்படியாகச் சடங்காக உருப்பெறுவதை அதிற் காணலாம்.

இவ்வளவும் கண்ட பின்னர், இது கந்தலைத் தைத்த போர்வை என்று எள்ளி ஒதுக்குவோர் உளர். அது நேரிய தீர்ப்பன்று. ரொனால்ட் ஹட்டன் என்னும் வரலாற்றுப் பேராசிரியர் 1999-இல் வெளியிட்ட விரிவான நூலில், பழமையான தொடர்ச்சிக்குச் சான்றில்லை என்று நிறுவினார். ஆயினும் அதனையே காரணமாகக் காட்டி அந்நெறியை இழித்தாரில்லை. இங்கிலாந்து உலகிற்கு வழங்கிய ஒரே சமயம் இது என்று மதித்தே எழுதினார். பல மரங்களின் பலகையாற் செய்த கட்டிலும் கட்டில்தான், அதில் உறங்கலாம். ஒரே சந்தன மரத்தில் கடைந்தது என்று சொல்லி விற்கும்போதுதான் வழக்கு எழுகிறது.

‘யாரோ ஒருவர்’

கார்டினர் இவ்வழக்கை அறியாதவரல்லர். நூலின் ஓரிடத்தில், இச்சடங்குகளை இக்காலத்தவர் எவரேனும் இயற்றியிருக்கக் கூடுமோ என்னும் ஐயத்தை அவரே எழுப்புகிறார். அவ்வாறு இயற்றும் திறன் படைத்தவராகக் குரோலியின் பெயரைச் சொல்கிறார். கிப்ளிங்கையும் எண்ணிப் பார்க்கிறார். சில சொற்றொடர்களில் குரோலியின் வாடை வீசுவதை ஒப்புக்கொள்கிறார். பின்னர், குரோலி இக்குழுவினரிடமிருந்து எடுத்திருக்கலாம், அல்லது யாரோ ஒருவர் குரோலியிடமிருந்து எடுத்திருக்கலாம் என்ற அளவில் நிறுத்திவிடுகிறார்.

நூல் முழுமைக்கும் திறவுகோல் இவ்விடமே. குரோலியின் நூல்களைத் தம்மிடம் வைத்திருந்தவர், அவரை நேரிற் கண்டவர், அவருடைய சொற்களை ஏட்டிற் பெயர்த்தெழுதியவர் கார்டினர். அந்த ‘யாரோ ஒருவர்’ யார் என்பது பேனா பிடித்த கைக்குத் தெரியும். பாயிரத்தில் ‘வழி’ நிற்க வேண்டிய இடத்தில், பெயரில்லாத ஒருவரை அவர் நிறுத்தி வைத்தார். முற்றிலும் பொய் கூறியிருந்தால் வாசகர் விரைவிற் கண்டுபிடித்திருப்பர். பாதிக் கதவைத் திறந்து காட்டியதால், வீடு முழுவதையும் பார்த்துவிட்டதாகப் பலர் நம்பினர்.

அவர் ஏன் அவ்வாறு செய்தார் என்பதற்குச் சில காரணங்கள் கூறலாம். தம் குழுவினரை ஊரார் பகைக்காமற் காக்க வேண்டியிருந்தது. சட்டம் நீங்கியிருந்தாலும் செய்தித்தாள்களின் தூற்றல் நீங்கவில்லை. இவை ஆட்களின் பெயரை மறைப்பதற்குத் தக்க காரணங்கள். அச்சிட்டு வெளிவந்த நூல்களின் பெயரை மறைப்பதற்கு இவை போதா. சார்பு நூலுக்கு மதிப்பில்லை, முதல் நூலுக்கே மதிப்பு என்னும் எண்ணமே அவரை அவ்வழியிற் செலுத்தியிருத்தல் வேண்டும். பழமை ஒன்றே பெருமை என்று கருதும் மயக்கம் ஆங்கிலேயருக்கு மட்டும் உரியதன்று என்பதைத் தமிழறிஞர்கள் நன்கறிவர்.

பாவாங் கற்பித்திருக்கக்கூடிய பாடம்

கார்டினர் தம் வாழ்வின் கால் நூற்றாண்டைக் கழித்த மலாயாவில், பல மரபுகளையும் ஒன்று கூட்டிய மாந்திரிக நெறி ஒன்று அவர் கண்முன் இருந்தது. மலாய்க் கம்பங்களில் பாவாங் என்றும் போமோ என்றும் அழைக்கப்படுவோர் கையாண்டது அது. சிலாங்கூர் அரசாங்கச் சேவையில் இருந்த வால்டர் ஸ்கீட் 1900-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மலாய் மாந்திரிகம்’ என்னும் பெருநூல் அதன் களஞ்சியம்.

1897-இல் கோலலங்காட் மாவட்டத்தில் ஸ்கீட் நேரிற் கண்டெழுதிய அறுவடைச் சடங்கு ஒன்று குறிப்பிடத்தக்கது. நெல்லின் உயிர் என்று கருதப்படும் ஏழு கதிர்களை முதலிற் கொய்து, பச்சிளங் குழந்தையைப் போலத் துணியிற் பொதிந்து, கூடையிற் கிடத்தி வீட்டிற்குக் கொண்டு வருகின்றனர். மூன்று நாட்களுக்கு அவ்வீட்டில், குழந்தை பிறந்த வீட்டிற்குரிய விலக்குகள் கடைப்பிடிக்கப்படுகின்றன. நெல்லுக்கு உயிருண்டு என்னும் எண்ணமும், அதனைக் குறிக்கும் ‘செமாங்காட்’ என்னும் சொல்லும் மலாய் மண்ணுக்கே உரியவை. இத்தகைய சடங்குகளில் ஓதப்படுவதன் பெயரோ ‘மந்தெரா’. அது வடமொழி மந்திரம். ஓதுபவரின் ஆசான் ‘குரு’. அழைக்கப்படுவோருள் சிவபெருமானாகிய ‘பதாரா குரு’வும் உளர், நிலத்தையும் நீரையும் காக்கும் இஸ்லாமியத் தீர்க்கதரிசிகளும் உளர், அரபு மொழிப் பெயர் தாங்கிய ஜின்களும் உளர். இறைவன் ஒருவனே என்னும் இஸ்லாமிய உறுதிமொழியோடு முடியும் மந்திரங்கள் பல.

இக்கலப்பு மறைவாக நடந்ததன்று. ஒவ்வொருவரும் அவரவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றனர். இன்னும் ஒரு நுட்பம் உண்டு. புலியையோ முதலையையோ இரும்பையோ அடக்க விரும்பும் பாவாங், அதன் ‘அசால்’ தமக்குத் தெரியும் என்று அதனிடமே சொல்வது ஸ்கீட் திரட்டிய மந்திரங்களிற் பலகாலும் காணப்படும் முறை. அசால் என்பது தோற்றுவாய், பிறப்பிடம். எங்கிருந்து வந்தாய் என்பதை அறிந்தவனுக்கே உன்மீது ஆட்சி உண்டு என்பது அதன் உட்கருத்து. பாயிரத்தில் ‘வழி’ கேட்ட நன்னூலாரும், மந்திரத்தில் ‘அசால்’ கூறிய மலாய்ப் பாவாங்கும் ஒருவரை ஒருவர் அறியார். ஆயினும் பிறப்பிடத்தைச் சொல்லுதல் பலவீனமன்று, அதுவே வலிமை என்பதில் இருவரும் ஒத்து நிற்கின்றனர். கார்டினரின் நூலில் இல்லாத வலிமை இதுவே.

மலாய் நெறியை ஆராய்ந்த அறிஞரும் குறையற்றவரல்லர். 1925-இல் ரிச்சர்ட் வின்ஸ்டெட், பழங்குடி ஆவியாடி, சைவர், சூஃபி என மூன்று அடுக்குகளாக அதனைப் பிரித்துக் காட்டினார். நூலின் பெயரே அப்பிரிவைச் சொல்லும். சொற்பிறப்பு அறிய அது பெரிதும் உதவும். ஆயின் நோயாளியின் அருகில் அமர்ந்த போமோ மூன்று ஆட்களாக அமர்வதில்லை. அடுக்குகளின் வரலாற்றை விடுத்து, அவை ஒரே ஒழுங்காக எவ்வாறு இயங்குகின்றன என்று காண முயன்றது கெர்க் என்டிகாட் 1970-இல் வெளியிட்ட ஆய்வு. திரங்கானுவிற் பல மாதங்கள் தங்கி ‘மெயின் புத்ரி’ என்னும் நோய் தீர்க்கும் ஆடலை ஆராய்ந்த கேரல் லேடர்மன் 1991-இல் எழுதிய நூல், மனிதனுள் இருக்கும் ‘ஆங்கின்’ என்னும் காற்றைப் பற்றிய கருத்து அவ்வைத்தியத்தில் எவ்வளவு இன்றியமையாதது என்பதைக் காட்டியது. பிரித்தறிதலும் சேர்த்தறிதலும் ஆகிய இரண்டும் வேண்டும். முன்னது வழியைக் காட்டும், பின்னது பயனைக் காட்டும்.

வழியை வெளிப்படையாகச் சொல்வதனால் இழப்பும் நேரலாம் என்பதை மறுக்க இயலாது. பதாரா குருவின் பெயர் வெளிப்படையாக ஒலித்ததும், ஆவிகள் வெளிப்படையாக அழைக்கப்பட்டதுமே அக்கலைகளைச் சமயத்திற்கு மாறானவை என்று கருதுவோர் கையிற் சான்றாயின. கிளந்தானில் மாக் யோங், மெயின் புத்ரி ஆகியவை 1990-களின் தொடக்கத்தில் மாநில அரசால் தடை செய்யப்பட்டன. மறைத்திருந்தாற் பிழைத்திருக்குமே என்று ஒருவர் வாதிடலாம். ஆயின் மறைத்துப் பிழைப்பதற்கு அக்கலைஞர் தம் ஆசான்களின் பெயரையும் தம் பாட்டின் சொற்களையும் இழந்திருக்க வேண்டும். பிழைத்திருக்கக் கூடியது வேறொன்றாகவே இருந்திருக்கும்.

தனியொருவர் நெறி

கார்டினருக்குப் பின் வந்தோர் குழுவையும் விடுத்து, தனித்து நின்று வழிபடும் முறையை வளர்த்தனர். அமெரிக்கரான ஸ்காட் கன்னிங்ஹாம் 1988-இல் வெளியிட்ட கையேடு அம்முறைக்குப் பெருந்துணையாயிற்று. ஆசானும் குழுவும் வேண்டுவதில்லை, படிப்போர் தமக்கேற்ற சடங்கைத் தாமே இயற்றிக்கொள்ளலாம் என்று அது வெளிப்படையாகக் கூறுகிறது. பழமை என்னும் போலிப் பெருமையைப் பெரிதும் விட்டதில் இது கார்டினரினும் நேர்மையானது. எனினும் இங்கே வேறொரு குறை தலைகாட்டுகிறது. கார்டினர் கடனை மறைத்தார். பின்வந்தோருட் சிலர் அது கடன் என்பதையே மறந்தனர்.

தமிழ் வாசகர் எளிதில் உணரத்தக்க எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. மேலைநாட்டு மாந்திரிகக் குழுக்களில் பரவலாகப் பாடப்படும் ஒரு சிறு பாட்டு, எகிப்து, கிரேக்கம் முதலிய பல நாட்டுப் பெண் தெய்வங்கள் எழுவரின் பெயர்களை மட்டும் அடுக்கிச் செல்கிறது. அவ்வெழுவருள் ஒருத்தி காளி. பெயர் ஒலிக்கிறது, பெயருக்குரியவள் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. மலாயாத் தோட்டங்களில் லயங்களுக்கு அருகே குடிகொண்ட காளியம்மனுக்குப் பூசாரி உண்டு, ஆண்டுத் திருவிழா உண்டு, விரதம் உண்டு, நேர்த்திக்கடன் உண்டு. பிள்ளை பிழைத்ததற்குக் காணிக்கை செலுத்த வருபவளுக்கும் தெய்வத்துக்கும் இடையே ஒரு கணக்கு உண்டு. கணக்கைக் கழித்துவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துச் செல்வது இரவலிலும் மெலிந்த இரவல்.

வேற்று நாட்டார் காளியின் பெயரைச் சொல்லலாகாது என்று வாதிடுவதற்கில்லை. தெய்வப் பெயர்கள் எல்லை தாண்டுவன. பதாரா குரு அதற்குச் சான்று. மலாய் நாட்டில் சிவபெருமான் நூற்றாண்டுகள் தங்கினார். உழவும் நோயும் அறிந்தார். மலாய்ச் சொல்லில் அழைக்கப்பட்டார். தங்கிய தெய்வத்துக்கும் வழிப்போக்கில் பெயர் சொல்லப்பட்ட தெய்வத்துக்கும் உள்ள வேற்றுமையே ஈண்டுக் கருதத்தக்கது. பல மரபிலிருந்து எடுப்பவர் மூன்று வினாக்களுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்: எவரிடமிருந்து எடுக்கப்பட்டது? அவர்கள் அதனை என்ன பொறுப்போடு வைத்திருந்தனர்? அப்பொறுப்பில் எப்பகுதி உடன் வந்திருக்கிறது?

மாணவி எழுதிய பாயிரம்

கார்டினரின் வாழ்வில் இவ்வினாக்களை எழுப்பியவர் அவருடைய மாணவியே. 1953-இல் அவர் குழுவிற் சேர்ந்த டோரீன் வாலியன்டி, நூலறிவு மிக்க பெண்மணி. சடங்கு ஏட்டைக் கேட்டவுடனே அதில் குரோலியின் சொற்கள் இருப்பதை அடையாளம் கண்டு, ஆசானிடமே கேட்டார். தமக்குக் கிடைத்தவை துண்டு துணுக்குகளே, இடைவெளிகளை நிரப்ப வேண்டியிருந்தது என்று கார்டினர் விடையிறுத்தார். இதனினும் நன்றாக எழுத முடியுமானால் எழுதுக என்று ஏட்டை அவர் கையிற் கொடுத்தார். அந்தத் தருணத்தில் கார்டினரிடம் நல்லாசிரியர் ஒருவர் வெளிப்படுகிறார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். கேட்ட மாணவியை அவர் கடிந்து விலக்கவில்லை.

வாலியன்டி குரோலியின் பகுதிகள் பலவற்றை நீக்கி, தெய்வத் தாயின் உரையைத் தம் சொந்த நடையில் திருத்தி அமைத்தார். அந்நெறியினர் இன்று உயர்வாகப் போற்றும் பகுதி அவர் கைபட்ட அவ்வுரையே. புதிதாக எழுதப்பட்டது என்று தெரிந்தும் அவர்கள் அதனைப் போற்றுகின்றனர். பழமையின் போர்வை இல்லாமலே அது நின்றது. கார்டினர் அஞ்சியது நிகழவில்லை.

கார்டினர் 1964-ஆம் ஆண்டில் கடற்பயணத்தின்போது காலமானார். தூனிஸ் நகரில் அடக்கம் செய்யப்பட்டார். வாலியன்டி 1989-இல் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டார். எந்தப் பகுதி லீலண்டிடமிருந்து வந்தது, எது குரோலியுடையது, எது தாம் எழுதியது, ஆசான் கூறிய விடை யாது என்பனவற்றை அதில் வரிசையாகச் சொன்னார். ஆசானைப் பழிக்கும் நோக்கம் அதில் இல்லை. அன்பு குறையாமலே உண்மை கூறுகிறார்.

ஆதலின் ‘இன்றைய மாந்திரிகம்’ நூலைப் படிக்க விரும்பும் ஆசிரியர்கள், அதனைத் தனியே படியாது வாலியன்டியின் நூலோடு சேர்த்துப் படித்தல் நலம். மாணவர் கட்டுரைகளைத் திருத்தும்போது, ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று ஓரத்தில் எழுதுவது ஆசிரியர்களின் அன்றாட வேலை. அவ்வினா ஐயத்தின் வினாவாக மாணவர் செவியில் விழாமல், மதிப்பின் வினாவாக விழச் செய்வதற்கு இவ்விரு நூல்களின் வரலாறு உதவும். 1954-இல் வெளிவந்த நூலுக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்துச் சிறப்புப் பாயிரம் கிடைத்தது. அதனை எழுதியவர் மாணவி. ஆசான் விட்டுச் சென்ற ‘வழி’ என்னும் இடத்தை அவர் நிரப்பினார்.